1117ஆல் வகுத்தால் நாகர்கோவில் வானொலி

எலக்ட்ரானிக்ஸ் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. டிஜிட்டல் ட்யூனிங் உள்ள ஒரு ரேடியோவில் 101.0 வைக்கிறோம். ஆகாசவாணி நாகர்கோவில் கேட்கிறது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு விடிந்து பார்த்தாலும் நிலையம் நகர்ந்திருக்காது. வெயில் ஏறினாலும், மழை கொட்டினாலும், பேட்டரி பாதியாக இறங்கினாலும் 101.0 என்றால் 101.0தான். உள்ளே எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது?

"நிலையம் 101லதானே சார் அனுப்புது" என்று பதில் வரும். நிலையம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ரேடியோவுக்குள் தனியாக ஒரு ஆசிலேட்டர் ஓடுகிறதே, அதை யார் பார்த்துக்கொள்வது? வழக்கமான எஃப்எம் ரிசீவரில் வருகிற சிக்னலை 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித்தான் வேலை பார்ப்பார்கள். அதற்கு உள்ளூர் ஆசிலேட்டர் 111.7 மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். ஒரு காயிலையும் ஒரு கெப்பாசிட்டரையும் நம்பி ஓடுகிற ஆசிலேட்டர் அது. சூட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும், 111 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். எஃப்எம் ஒலிபரப்பில் சிக்னல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ்தான் ஆடும். ஆகவே, அந்த நகர்வுக்கே பாட்டு கரகரத்துப் போகும்.

வால்வு ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். செட்டைப் போட்டதும் ஓர் இடத்தில் நிலையம் இருக்கும். செட் சூடான பிறகு குமிழை மெள்ளத் திருப்பி மறுபடி பிடிக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு நகரவில்லை, நம் வீட்டு அலமாரியில் இருந்த ஆசிலேட்டர்தான் நகர்ந்தது.

இன்றைய ரேடியோவில் அந்த 111.7ஐ ஒரு கவுன்டர் 1117ஆல் வகுக்கிறது. கிடைப்பது 100 கிலோஹெர்ட்ஸ். பக்கத்திலேயே ஒரு கிரிஸ்டலில் இருந்து வகுத்தெடுத்த இன்னொரு 100 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் ஆசிலேட்டரின் வோல்டேஜைக் கூட்டியோ குறைத்தோ இழுத்துப் பிடிக்கிறார்கள். 1117ஐ 1118 ஆக்கினால் ரேடியோ 101.1க்குத் தாவும். நாம் பொத்தானை அமுக்கும்போது மாறுவது அந்த ஒரு எண் மட்டுமே. இதுதான் ஃப்ரீக்வென்சி சிந்தசைசர். ஒரே ஒரு கிரிஸ்டலின் நிலைத்தன்மையை எத்தனை அதிர்வெண்களுக்கு வேண்டுமானாலும் பங்கு வைத்துக் கொடுக்கிற ஏற்பாடு.

நாகர்கோவில் நிலையத்தை உதாரணமாக எடுப்பதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கினார்கள். நிலையம் இருக்கும் அதே கோணம் பகுதியில்தான் அரசுப் பாலிடெக்னிக்கும் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. தலைக்கு மேலேயே 101 மெகாஹெர்ட்ஸ் போய்க்கொண்டிருக்கிற ஊரில் உட்கார்ந்து சிந்தசைசர் படிக்கிற பிள்ளைக்கு அந்த 1117 தெரியாமல் இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். பொறியியல் கல்லூரிகளின் லீனியர் ஐசி லேபில் பிஎல்எல் (ஃபேஸ் லாக்டு லூப்) பரிசோதனை ஒன்று பல வருஷமாக இருக்கிறது. 565 ஐசி, அதோடு 7490 கவுன்டர், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். உள்ளே 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் வெளியே அதன் மடங்கு வரும். லாக் ரேஞ்ச், கேப்சர் ரேஞ்ச் எழுதி, கிராஃப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. பரிசோதனை நல்ல பரிசோதனைதான். 565ஐயும் குறை சொல்ல மாட்டேன். சிக்னெட்டிக்ஸ் கம்பெனியில் ஹான்ஸ் கமென்சிண்ட் 555ஐ வரைவதற்கு முன்னால் செய்த வேலை அது. ஆனால் அந்த லேபில் பிள்ளைகள் எதையும் வடிவமைப்பதில்லை. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மேனுவலில் அச்சிட்டபடி வந்துவிடுகின்றன. ஏன் இந்த மதிப்பு என்று வைவாவில் கேட்டால், "மேனுவல்ல இருந்திச்சு சார்."

டிசைன் என்று பெயர் வைத்து ஒரு பேப்பர் நடத்தினால், ஒவ்வொரு மதிப்பையும் பிள்ளை தானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரியாவது சொல்லத் தெரிய வேண்டும். மாற்றி வைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் சிடி4046ஐ வைத்துச் செய்யும் சிந்தசைசரைப் போல வசதியான சர்க்யூட் எனக்குத் தெரிந்து வேறில்லை. மூன்றே ஐசி, பிரெட்போர்டில் அடங்கும். செலவு கையைக் கடிக்காது. இருந்தும் உள்ளே இருக்கும் விஷயம் ரேடியோ, செல்போன், செயற்கைக்கோள் வரை போகிறது.

நான் கொடுக்கும் வேலை இவ்வளவுதான்: 2 கிலோஹெர்ட்ஸில் இருந்து 9 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸாக, ஒரு சுழல் சுவிட்சால் தேர்ந்தெடுக்கும்படி ஒரு ஸ்கொயர் வேவ் ஜெனரேட்டர் செய். கிரிஸ்டலின் துல்லியம் ஒவ்வொரு படியிலும் இருக்க வேண்டும். சப்ளை 10 வோல்ட்.

10 வோல்ட்டுக்கே ஒரு காரணம் உண்டு. சிடி வரிசை ஐசிகளின் டேட்டாஷீட்டைத் திறந்தால் 5, 10, 15 என்று மூன்று வோல்டேஜுக்கு அட்டவணை இருக்கும். 4060ல் 4.096 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஓட்டப் போகிறோம். 5 வோல்ட்டில் அந்த ஐசி உறுதி கொடுப்பது 3.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான், 10 வோல்ட்டில் 8 வரை. மேசையில் 5 வோல்ட்டிலும் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் "பெரும்பாலும் ஓடும்" என்பதை வைத்து டிசைன் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டேட்டாஷீட்டில் டிப்பிக்கல் என்ற பத்தியைப் பார்க்காமல் மினிமம் என்ற பத்தியைப் பார்க்கிற பழக்கம் இங்கேதான் வருகிறது.

4.096ஐத் தேர்ந்ததும் கணக்குப் பார்த்துத்தான். 4060க்குள் ஆசிலேட்டரும் இரண்டு இரண்டாக வகுத்துக்கொண்டே போகும் படிகளும் இருக்கின்றன. பன்னிரண்டாவது படி 4096ஆல் வகுக்கும். 4.096 மெகாஹெர்ட்ஸை 4096ஆல் வகுத்தால் சரியாக 1000 ஹெர்ட்ஸ். ஒன்றாம் பின்னில் அது வந்து நிற்கும். பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே கிரிஸ்டல், குறுக்கே 1 மெக் ஓம், பத்தாம் பின் பக்கம் தொடராக 2.2கே, இரண்டு பக்கமும் தரைக்கு 22 பைக்கோஃபாரட். பன்னிரண்டாம் பின் தரைக்கு. இந்தப் பகுதியில் அதிகம் பேச ஒன்றுமில்லை. போட்டால் ஓடும்.

அடுத்தது வகுப்பான். 4017 டெகேட் கவுன்டர், எல்லாரும் எல்இடி ஓட்டத்துக்குப் பயன்படுத்துவார்களே, அதேதான். வேண்டிய வெளியீட்டை ரீசெட் பின்னுக்குக் கொடுத்தால் அந்த எண்ணில் திரும்பிவிடும். ஐந்தாவது வெளியீட்டைக் கொடுத்தால் ஐந்தால் வகுக்கும். சுழல் சுவிட்ச் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இங்கே கவனிக்க இரண்டு சின்ன விஷயங்கள் உண்டு. வகுத்த சிக்னலைக் கேரி பின்னில் எடுக்கக் கூடாது. அது 0 முதல் 4 வரை ஹையாகவே நிற்கும், ஆகவே மூன்றால் நான்கால் வகுக்கும்போது அசையவே அசையாது. மூன்றாம் பின்னில் இருக்கும் பூஜ்ஜிய வெளியீட்டை எடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல்ஸ் நிச்சயம். இன்னொன்று, சுவிட்ச் ஒரு முனையை விட்டு அடுத்த முனைக்குப் போகிற கணத்தில் ரீசெட் பின் அந்தரத்தில் நிற்கும். சிமாஸ் ஐசியின் உள்ளீடு அந்தரத்தில் நின்றால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரைக்கு ஒரு 100கே போட்டுவிட்டால் அந்தக் கவலை போயிற்று.

இனி 4046. இதற்குள் வோல்டேஜால் கட்டுப்படும் ஆசிலேட்டர் ஒன்று, ஃபேஸ் ஒப்பீட்டான்கள் இரண்டு. விசிஓவின் உச்ச அதிர்வெண்ணை ஆர்1, சி1 இரண்டும் தீர்மானிக்கும். 9 கிலோ வரை வேண்டும் என்றால் உச்சியைக் கொஞ்சம் மேலே, 14 கிலோவுக்குப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் இந்த விசிஓ ஒரு ஐசிக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு இன்னொரு மாதிரி. டேட்டாஷீட் சூத்திரமே தோராயம்தான். சி1ஐ 1 நானோஃபாரட் என்று வைத்தால் ஆர்1 68கே வருகிறது. பதினோராம் பின்னில் 68கே, ஆறுக்கும் ஏழுக்கும் இடையே 1 நானோஃபாரட். பன்னிரண்டாம் பின்னை விட்டுவிட்டால் அடி அதிர்வெண் பூஜ்ஜியம். ஐந்தாம் பின் தரைக்கு.

லூப்பை மூடுவதற்கு முன்னால் விசிஓவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒன்பதாம் பின்னைச் சப்ளையில் தொட்டு நான்காம் பின்னில் எவ்வளவு என்று பார். பாதி வோல்டேஜ் கொடுத்துப் பார். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு புள்ளி வைத்துக் கிராஃப் போடு. அடியில் ஏறத்தாழ ஒரு வோல்ட் வரை ஒன்றும் நடக்காது, பிறகு ஏறத் தொடங்கும். அந்தக் கோட்டின் சரிவுதான் நாளைக்குக் கணக்கில் வரப் போகிற எண். புத்தகத்தில் இருந்து வராமல், தன் கையில் இருக்கும் அந்த ஒரு ஐசியில் இருந்து வந்த எண் அது என்பது பிள்ளைக்குப் புரிகிற நேரத்தில் முகமே மாறும்.

எந்த ஒப்பீட்டானை எடுப்பது? இரண்டாம் பின்னில் வருவது சாதாரண எக்ஸார் கேட். பதிமூன்றாம் பின்னில் வருவது விளிம்பைப் பார்த்து வேலை செய்யும் வகை. எக்ஸாருக்கு இரண்டு பக்கமும் பாதி ஹை, பாதி லோ என்று சமமாக வர வேண்டும். நம் 4017 ஒன்பதால் வகுக்கும்போது ஒன்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஹையாக இருக்கும். தவிர, எக்ஸார் மடங்குகளிலும் பூட்டிக்கொள்ளும். சிந்தசைசருக்கு அது ஆகாது. எனவே பதிமூன்றாம் பின். இது பல்ஸின் அகலத்தைப் பார்க்காது, எழும் விளிம்பு முந்தி வருகிறதா பிந்தி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். முந்தினால் ஒரு பக்கம் தள்ளும், பிந்தினால் மறுபக்கம் இழுக்கும், சரியாக இருந்தால் கையை எடுத்துவிடும்.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் சுருதியை விட்டு அசையவே மாட்டார். வாசிக்கிறவர் எங்கே சஞ்சரித்தாலும் காது மட்டும் அந்த ஒத்தில் இருக்கும். கிரிஸ்டல் அந்த ஒத்து, விசிஓ நாதஸ்வரம், ஒப்பீட்டான் அந்தக் காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் பிரெட்போர்டில் ஏறிவிடும். பாடம் இருப்பது இதற்கு அடுத்த மூன்று உறுப்புகளில்: இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். லூப் ஃபில்ட்டர். ஒப்பீட்டான் தருவது துண்டு துண்டான பல்ஸ். விசிஓவுக்கு வேண்டியது அசையாத வோல்டேஜ். நடுவில் இருந்து வடிகட்டுவதுதான் இது. வடிகட்டலை அதிகமாக்கினால் வோல்டேஜ் அமைதியாக இருக்கும், ஆனால் சுவிட்சைத் திருப்பினால் புது அதிர்வெண்ணுக்கு வர நேரமெடுக்கும். குறைத்தால் சட்டென்று வரும், ஆனால் கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வெளியீட்டில் ஏறிவிடும். எது வேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் டிசைனர். ஐசி அந்த முடிவை எடுத்துத் தராது.

கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன். ஒப்பீட்டானின் கெயின் சப்ளையை நான்கு பையால் வகுத்தது. 10 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 0.8 வோல்ட், ஒரு ரேடியனுக்கு. விசிஓ 10 வோல்ட்டுக்கு 14 கிலோ என்றால் வோல்ட்டுக்கு 1.4 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8800 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் 7000. வகுக்கும் எண் 2 முதல் 9 வரை மாறப் போகிறது, நடுவில் 5ஐ வைத்துக்கொள்வோம்: 1400. லூப்பின் இயல்பு அதிர்வெண் ஒப்பீட்டு அதிர்வெண்ணைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு 25 ஹெர்ட்ஸ் என்று வைக்கிறேன், நாற்பதில் ஒரு பங்கு. 25 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 157 ரேடியன். 1400ஐ 157இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.057 நொடி. கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்று எடுத்தால் இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 121கே. டேம்பிங் 0.7 வேண்டும் என்று கேட்டால் கெப்பாசிட்டரோடு தொடராக நிற்கும் ரெசிஸ்டருக்கு 17.4கே வருகிறது. கடையில் கிடைப்பது 18கே. மீதிக்கு 100கே. பதிமூன்றாம் பின்னில் இருந்து ஒன்பதாம் பின்னுக்கு 100கே, ஒன்பதில் இருந்து 18கே, அதற்குக் கீழே 0.47 மைக்ரோஃபாரட், பிறகு தரை.

முடிந்துவிடவில்லை. 5க்குப் போட்ட கணக்கு 2க்கும் 9க்கும் என்ன ஆகிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். 9ல் இயல்பு அதிர்வெண் 19 ஹெர்ட்ஸாக இறங்குகிறது, டேம்பிங் 0.58. சற்றே தாண்டிப் போய்த் திரும்பும். 2ல் 40 ஹெர்ட்ஸாக ஏறுகிறது, டேம்பிங் 1.1. ஆடாமல் வந்து அமரும். மோசமான 9லும் 0.06 நொடிக்குள் அடங்கிவிடும். இரண்டு ஓரமும் ஏற்கத்தக்கவை, ஆகவே டிசைன் நிற்கிறது. ஒரே மதிப்பு எல்லா இடத்திலும் உகந்ததாக இராது, எங்கும் கெட்டதாக இல்லாமல் இருந்தால் சரி என்ற விஷயத்தைப் பிள்ளைகள் முதன்முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தில்தான்.

இப்போது அந்த 18கே. கணக்கில் சின்னதாகத் தெரிகிற அதைப் பிடுங்கிவிட்டு ஒரு கம்பியை வைக்கச் சொல்வேன். ஸ்கோப் வேண்டும் என்றுகூட இல்லை. நான்காம் பின்னில் இருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பீசோ தட்டு ஒன்றை வைத்தால் போதும். 18கே இருக்கும்போது சுவிட்சை 4ல் இருந்து 5க்குத் திருப்பினால் சுத்தமாக ஒரு சத்தம் மாறி இன்னொரு சத்தம் வரும். அதை எடுத்துவிட்டுத் திருப்பினால் சத்தம் நடுங்கும். நொடிக்கு இருபத்தைந்து, முப்பது தடவை மேலும் கீழும் போய், அடங்க மனமில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

"சாரே, லாக் ஆயிட்டு, ஆனா நிக்க மாட்டேங்குது."

"ஏன் நிக்கலைன்னு பாரு மக்கா. அந்த 18கே என்ன பண்ணிச்சுன்னு இப்ப சொல்லு."

டேம்பிங் என்ற சொல்லைக் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ரூட் லோகஸோடு சேர்த்துப் படித்து, இப்படியொன்று உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே பாஸானவர்கள் அவர்கள். காதுக்குள் அந்த நடுக்கம் விழுந்த பிறகு சூத்திரத்தை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பத்து நிமிஷம் இதுதான்.

ஸ்கோப்பில் பார்க்க விரும்புகிறவர்கள் ஒன்பதாம் பின்னில் ப்ரோபை வைக்கக் கூடாது. லாக் ஆனதும் ஒப்பீட்டான் கையை எடுத்துவிடும் என்று சொன்னேன் அல்லவா, அந்த நேரத்தில் ஒன்பதாம் பின்னைப் பிடித்திருப்பது கெப்பாசிட்டரில் நிற்கும் சார்ஜ் மட்டும்தான். 1 மெக் ஓம் ப்ரோப் அந்தச் சார்ஜை ஒழுகவிடும். ஒழுகியதை லூப் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் திரும்ப நிரப்பும். அப்போது பார்க்கப் போன ரிப்பிளை நாமே உண்டாக்கிப் பார்க்கிறோம். இதற்கென்றே பத்தாம் பின் இருக்கிறது. அங்கே தரைக்கு ஒரு 10கே போட்டால், ஒன்பதைத் தொடாமல் அதன் அசைவைப் பார்க்கலாம். டிஜிட்டல் ஸ்கோப்பைச் சிங்கிளில் வைத்துச் சுவிட்சைத் திருப்பினால், டேம்பிங் வளைவு பாடப்புத்தகப் படம் போலவே திரையில் நிற்கும். லாக் ஆகிவிட்டதா என்று அறிய ஒன்றாம் பின் உண்டு. லாக் ஆனால் ஏறத்தாழ ஹையாகவே நிற்கும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு எல்இடி போதும்.

இந்த ஒன்பதாம் பின் விவகாரம் நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, கடல் எங்கிருந்தும் ரொம்பத் தூரமில்லை. குளச்சல், முட்டம், கடியபட்டணம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் வைத்திருக்கும் பிரெட்போர்டில் உப்புக்காற்று ஏறியிருக்கும். ஐசியின் கால்கள் கறுத்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் பிரெட்போர்டின் இரண்டு வரிசைக்கு இடையே ஒழுக்கு ஏற்படும். டிஜிட்டல் பகுதிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சார்ஜை மட்டும் நம்பி நிற்கும் அந்த ஒரு புள்ளிக்கு அது போதும். ஜூலை மாதத்தில் சத்தம் கரகரப்பாக வருகிறது என்றால், கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன்னால் போர்டைத் துடைத்து வெயிலில் வையுங்கள்.

துல்லியத்தையும் எழுதி வைக்கச் சொல்வேன். விசிஓவைத் தனியாக ஓடவிட்டு, சூடான சோல்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதிர்வெண் கண் முன்னால் நகரும். லூப்பை மூடிவிட்டு அதே அயர்னைக் கொண்டுபோனால் நகராது. ஒன்பதாம் பின்னின் வோல்டேஜ் நகர்ந்து அதை ஈடுகட்டிவிடும். சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 50 பங்கு தப்பாக இருந்தால்கூட 9 கிலோஹெர்ட்ஸில் அரை ஹெர்ட்ஸ்கூட வராது. பிரெஞ்சுக்காரர் ஆன்ரி து பெல்லெசீஸ் 1932ல் ரேடியோ ரிசீவருக்காக எழுதிய யோசனைதான் இந்த லூப். வால்வுகளை வைத்துச் செய்தால் விலை கட்டுப்படியாகவில்லை, பரவலாவதற்கு ஐசி வரும்வரை காத்திருந்தது.

இதே எண்கணக்கு நம்மைச் சுற்றி எத்தனை இடத்தில் ஓடுகிறது என்று எடுத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிறது. கடலில் போகிற விசைப்படகில் இருக்கும் விஎச்எஃப் செட்டில் 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கு உரியது. 156.8 மெகாஹெர்ட்ஸ். சேனல்களுக்கு இடைவெளி 25 கிலோஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், 6272. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்குகிறவர்கள். விஎச்எஃப் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவதால் அவ்வளவு தூரம் எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். என் வகுப்பிலேயே அந்தக் கரையில் இருந்து வருகிற பிள்ளைகள் உண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் கேட்கிற கேள்விகளில் அக்கறை வேறு மாதிரி இருக்கும். அங்கேயும் இதே பெருக்கல்தான். நாவிக் செயற்கைக்கோள் அனுப்பும் 1176.45 மெகாஹெர்ட்ஸ், 10.23 மெகாஹெர்ட்ஸின் 115 மடங்கு. ஜிபிஎஸ் அனுப்பும் 1575.42, அதே 10.23இன் 154 மடங்கு. விண்வெளியில் ஒரு அணுக்கடிகாரம், அதைப் பெருக்கி நிறுத்துகிற ஒரு லூப், அதன் மறுமுனையில் படகில் ஒரு ரிசீவர், அதற்குள் இன்னொரு லூப்.

இன்னொரு பக்கம் பார்த்தால், ஆரல்வாய்மொழி தாண்டி நெல்லை மாவட்டத்துக்குள் போனால் விஜயநாராயணத்தில் கடற்படையின் விஎல்எஃப் நிலையம். 471 மீட்டர் உயரக் கோபுரங்கள். முழுகியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 18.2 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் மட்டும் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். அதிர்வெண்ணைப் பார்த்தால் நம் பிரெட்போர்டுக்கு எட்டாத தொலைவில்லை. ஆர்1ஐ 33கே ஆக்கினால் விசிஓ அங்கே போய்விடும்.

போய்விடும், ஆனால் அங்கேதான் சிந்தசைசரின் உண்மையான முடிச்சு இருக்கிறது. 18.2 வேண்டும் என்றால் படி 1 கிலோஹெர்ட்ஸாக இருக்க முடியாது, 200 ஹெர்ட்ஸாகவோ 100 ஹெர்ட்ஸாகவோ இருக்க வேண்டும். படி என்பது ஒப்பீட்டு அதிர்வெண்ணேதான். 100 ஹெர்ட்ஸை ஒப்பிட்டு, 182ஆல் வகுக்க வேண்டும். ஒப்பீடு பத்து மடங்கு அரிதாக நடப்பதால் லூப்பையும் பத்து மடங்கு மெதுவாக்க வேண்டும். 0.06 நொடியில் அடங்கியது இனி அரை நொடிக்கு மேல் எடுக்கும். அது மட்டுமில்லை, கிரிஸ்டல் பக்கத்துச் சின்னச் சின்னத் துடிப்புகள் 182 மடங்காகப் பெருகி வெளியே வரும். நுணுக்கமான படி வேண்டுமா, விரைவும் சுத்தமும் வேண்டுமா என்ற இந்த இழுபறியில்தான் தொழிற்துறை இத்தனை வருஷம் உழைத்தது. வகுக்கும் எண்ணைச் சில சுற்று 182, சில சுற்று 183 என்று மாற்றி மாற்றி வைத்து, சராசரியில் பின்ன எண்ணைக் கொண்டுவரும் முறை அப்படிப் பிறந்ததுதான். உங்கள் செல்போனில் இருப்பது அந்த வகை.

விலை குறைந்த எஃப்எம் மாட்யூல்களில் வரும் டிஇஏ5767 ஐசி வேறு வழியில் போகிறது. அதற்குக் கைக்கடிகார கிரிஸ்டலே போதும், 32,768 ஹெர்ட்ஸ். படி 8.192 கிலோஹெர்ட்ஸ். 101.0 வேண்டும் என்று கேட்டால் அது 12357 என்ற எண்ணைப் போடும். கணக்குப் பார்த்தால் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது, எஃப்எம்முக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆர்டுயினோவோடு இணைத்து அந்த எண்ணைத் தாங்களே கணக்கிட்டு எழுதி நாகர்கோவிலைப் பிடிப்பது, 4046 முடித்தவர்களுக்கு நான் தரும் அடுத்த வேலை. லைப்ரரியைப் போட்டு ஒரே வரியில் முடிக்க விடுவதில்லை.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம் நடைமுறை. 4046, 4017, 4060 மூன்றும் எங்கும் கிடைக்கும். 4.096 கிரிஸ்டல் உள்ளூர்க் கடையில் இல்லை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரிடமாவது சொல்லி வாங்குங்கள், அல்லது ஆன்லைனில். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் பழைய சுவர்க் கடிகாரத்தைத் திறந்து 32,768 கிரிஸ்டலை எடுங்கள். அதோடு தொடராக 330கே போட வேண்டும், இல்லாவிட்டால் 10 வோல்ட்டில் அந்தச் சன்னமான கிரிஸ்டல் தாங்காது. குறுக்கே 10 மெக் ஓம். 4060இன் ஐந்தாம் பின்னில் 1024 ஹெர்ட்ஸ் கிடைக்கும். வெளியீடு 2048, 3072 என்று போய் 9216ல் முடியும். லூப் ஃபில்ட்டரை மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் காலிலும் 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். 4017இன் பதிமூன்றாம் பின்னைத் தரைக்குக் கொடுங்கள். ஃப்ரீக்வென்சி கவுன்டர் இல்லையென்றால் பீசோ தட்டின் பக்கத்தில் செல்போனை வைத்து ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைத் திறந்தால், கடிகார கிரிஸ்டலோடு 5ல் வைக்கும்போது 5120இல் ஒரு கூர்முனை எழுந்து நிற்கும்.